யானைத் தட்டு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறியா தாயி? காத்து மூஞ்சியில அடிக்குது. இந்தக் கேரியர் மூடி வேற ஆடிக்கிட்டே வருது. இல்லல்ல, கீழ வைக்க மாட்டேன், மடியிலேயே இருக்கட்டும். உள்ள பிரியாணி. விடியுமுன்ன எந்திரிச்சு ஆக்கினது. வாசம் வருதா? வரும், வரும். சீரகச் சம்பாவாச்சே.

நீ எங்க போற, திருப்பூரா? நானும் அங்கதான். அருப்புக்கோட்டையில ஏறி, ஆரப்பாளையம் வந்து, இந்த பஸ்ஸைப் பிடிச்சேன். என் மக இருக்கா திருப்பூர்ல. சுகந்தின்னு பேரு. பனியன் கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை. ஒரு ரூம் எடுத்துக்கிட்டு அவளும் பேத்தி நிவியுமா இருக்கா. புருஷன் பெங்களூர்ல. ஏன், எதுக்குன்னு நீ கேக்க மாட்டே, படிச்ச பிள்ளை, நாசூக்கா ஜன்னலைப் பார்க்கிறே. நானே சொல்றேன். ஒரு பிளேட் பிரியாணிக்காகப் புருஷனை விட்டுட்டு வந்தவளை நீ எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? என் மக வந்தா. சிரிக்காத. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு.

குடிகாரன்னு விட்டுட்டு வந்தா சொல்லலாம். அடிச்சான், இன்னொருத்திய வச்சிருந்தான்னு விட்டுட்டு வந்தா, நானே முன்னால நின்னு கத்தியிருப்பேன். எங்க மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது தாயி. சத்தியமாச் சொல்றேன். பீடி சிகரெட்டு இல்ல, அதட்டிப் பேசினது இல்ல. மோகன்ராஜுன்னு பேரு. "அத்தை"ன்னு கூப்பிட்டாகன்னா அப்படி ஒரு பதவிசு. பொண்டாட்டி மேல அவ்வளவு அக்கறை. பிள்ளை பொறந்து இவ கொஞ்சம் பூசினாப்புல ஆனாளா, அப்போ எடை பார்க்கிற மிஷின் ஒண்ணு வாங்கி பாத்ரூம் வாசல்ல போட்டாக. தினம் காலையில அவளை அதுல ஏத்தி நிறுத்திப் பார்த்துட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவாக. எந்தப் புருஷன் செய்வான்? எங்க வீட்டுக்காரரு, செத்துப்போன மனுஷன், குறை சொல்லக்கூடாது, நான் குண்டா ஒல்லியான்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

பிரிட்ஜைப் பூட்டி, சாவியைக்கூடப் பையில போட்டுக்கிட்டுத்தான் போவாக. பிள்ளை திறந்து சில்லுன்னு எதையாவது குடிச்சிரும், சளி பிடிக்கும்னு. அப்படி முன்யோசனை.

ம்? பிள்ளைக்கு அப்போ என்ன வயசா? கைக்குழந்தைதான். நடக்கலை இன்னும். ஏன் கேக்கிறே?

சரி, விடு. கதைக்கு வர்றேன். போன மே மாசம், பள்ளிக்கூடம் லீவு. நான் என்ன வேலை பார்க்கிறேன்னு சொல்லலையே? சத்துணவுல சமையல். இருபத்தெட்டு வருஷம். எத்தனை பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்ட கை இது! வரிசையில நிக்கிற பிள்ளை மூஞ்சியைப் பார்த்தே சொல்லிருவேன், இது காலையில வெறும் வயித்தோட வந்திருக்குன்னு. அதுக்குன்னு ஒரு கரண்டி கூடப் போடுவேன். "லட்சுமியம்மா கிட்ட யாரும் பசிக்குதுன்னு வாய் திறந்து கேக்க வேண்டியதில்ல"ன்னு ஹெட்மாஸ்டரே சொல்லுவாரு. அந்த மே மாசம் மாப்பிள்ளை போன் போட்டாக. "அத்தை, நிவிக்கு லீவு, பெரிய பார்க் ஒண்ணுக்குப் போறோம், ராட்டினம், தண்ணி விளையாட்டு எல்லாம் இருக்கு. அங்கேயே தங்குறோம். நீங்களும் வாங்க." எனக்குத் தலைகால் புரியலை. எந்த மருமகன் மாமியாரைக் கூப்பிடுறான்? தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். முறுக்கு சுட்டேன், அதிரசம் சுட்டேன், ஒரு தூக்குச்சட்டி நிறைய. அங்க வாசல்லயே பையைத் திறந்து பார்த்து வாங்கி வச்சிட்டாங்க. வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாதாம். போகும்போது வாங்கிக்கோங்கன்னு சுகந்தி கையில ஒரு சீட்டு குடுத்தாங்க. சுகந்தி அந்தத் தூக்குச்சட்டியையே பார்த்துக்கிட்டு நின்னா. "என்னடி, வா, கூட்டம் போகுது"ன்னு நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்.

உள்ள போனா, யம்மாடி! ஆகாசத்துல ரயிலு ஓடுது, ஆளுங்க தலைகீழாத் தொங்குறாக, கத்துறாக. நான் எதுலயும் ஏறலை. சேலையைக் கட்டிக்கிட்டு எங்க ஏற? பையைப் பார்த்துக்கிற ஆளு நான்தான். ஒரு பெஞ்சுல உக்காந்து, எல்லாரு செருப்பையும் சுத்தி வச்சுக்கிட்டு, காவல்.

மத்தியானம் சாப்பாடு. கண்ணாடி போட்ட ஹோட்டலு. அங்க எதைக் கேட்டாலும் சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு அளவு. மாப்பிள்ளைதான் எல்லாருக்கும் சொல்லுவாக. அந்த மெனு அட்டையை இவ கையில குடுக்கவே மாட்டாக, எதுக்கு வீணா அலட்டிக்கணும்னு. நான் எனக்குத் தயிர்சாதம் சின்னதுல ஒண்ணு போதும்னுட்டேன். பொண்ணு குடுத்த இடத்துல வயிறு முட்டத் தின்னா நல்லாவா இருக்கும்? எங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தாருன்னா ஒரு வாய் தண்ணியோட சரி, பொண்ணு குடுத்த வீட்டுல கை நனைக்க மாட்டாரு. காலம் மாறிப்போச்சு, நாம கூடவே வந்துட்டோம், சரி. ஆனா அளவு வேணுமில்ல? மருமகன் காசு. அந்தச் சின்னத் தயிர்சாதம் எனக்குக் கடைவாய்க்குக்கூடக் காணலை, உள்ளதைச் சொல்றேன். பக்கத்து டேபிள்ல ஒருத்தன் வளைச்சு வளைச்சு பரோட்டாவை அடிச்சுக்கிட்டிருந்தான், எனக்கு நாக்குல எச்சி. பொறுத்துக்கிட்டேன். பொறுத்துக்கலையா நான்?

மாப்பிள்ளை தனக்குப் பெருசுல சொன்னாக, ஆம்பளை, அலைஞ்ச உடம்பு. நிவிக்குக் கிட்ஸ் மீல்னு ஒண்ணு. பிறகு, "சுகந்திக்கும் கிட்ஸ் மீலே குடுத்துருங்க"ன்னாக. அந்த சர்வர் பையன், "சார், அது பத்து வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்கு சார்"னான். மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "இவளும் எங்க வீட்ல பிள்ளைதான், குடுங்க"ன்னாக. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். ஆசையாத்தானே சொல்றாக?

தட்டு வந்துச்சு. மஞ்சக் கலர் பிளாஸ்டிக்கு, யானை மூஞ்சி மாதிரி. இந்தக் காதுல ஒரு பிடி சோறு, அந்தக் காதுல உருளைக்கிழங்குல தட்டின வட்டம் ரெண்டு, தும்பிக்கையில தக்காளி சாஸு. கூடவே காகிதத்துல செஞ்ச கிரீடம் ஒண்ணு, தலையில வச்சுக்க. நிவிக்கு ஒரு யானை, அவ அம்மாவுக்கு ஒரு யானை. பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கலை. "அம்மாவும் யானை, அம்மாவும் யானை"ன்னு குதிக்குது. மாப்பிள்ளை அந்தக் கிரீடத்தை எடுத்து இவ தலையில வச்சு ஒரு போட்டோ எடுத்தாக. சொந்தக்காரங்க குரூப்புல உடனே போட்டாக. நான் போன்ல வச்சிருக்கேன், இரு, காட்றேன்.

இந்தா, பாரு. எப்படி லட்சணமா இருக்கா! இளைச்சு, கழுத்தெலும்பு தெரிய, காலேஜுப் பிள்ளை கணக்கா. இது எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகுது, போன் முகப்புல இருந்து மாத்த மனசு வரலை.

கண்ணு கலங்கியிருக்கா? அது வெயிலு.

சாப்பிட்டு முடிஞ்சதும் நிவி பாதியை மிச்சம் வச்சுருச்சு. சுகந்தி கை மெல்ல அந்தத் தட்டுப் பக்கம் போச்சு. மாப்பிள்ளை ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து அந்தச் சோத்து மேல போட்டாக. எச்சில் சாப்பிட்டா ஆகாதுன்னு. சுத்தம் பார்க்கிற மனுஷன்.

பிறகு ஒரு வரிசை. எதுக்கோ ரொம்ப நேரம் நின்னோம். மாப்பிள்ளையும் பிள்ளையும் முன்னால, நானும் இவளும் பின்னால. என் முந்தியைப் பிடிச்சு இழுத்தா. சின்னப் பிள்ளையில இழுப்பாளே அப்படி. "அம்மா, பசிக்குதும்மா"ன்னா.

"இப்பத்தானடி சாப்பிட்டே?"ன்னேன்.

"அது ஒரு சாப்பாடாம்மா? எனக்குக் காதெல்லாம் அடைக்குது. நீ அவர்கிட்ட சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாரு."

நான் என்ன சொல்லுவேன்? கூட்டிக்கிட்டு வந்து செலவழிக்கிற மனுஷன்கிட்டப் போய், என் மகளுக்குச் சோறு பத்தலைன்னா? வளர்த்த லட்சணம் இதுதானான்னு நினைக்க மாட்டாக? "தண்ணியைக் குடிடி. பொம்பளைப் பிள்ளை பொறுத்துக்கணும். நான் பொறுத்துக்கலையா?"ன்னு பாட்டிலைக் குடுத்தேன். குடிச்சா. மடமடன்னு முழுப் பாட்டிலையும் குடிச்சா. எனக்கு என்னமோ போல இருந்துச்சு. ஆனா சரியாப் போயிருச்சுன்னு நினைச்சேன். குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லலையே அவ?

சரின்னு அன்னைக்குப் பொழுது போச்சு. மறுநாள்தான் வினை. அதே ஹோட்டலு, அதே டேபிளு. மாப்பிள்ளை, "எல்லாருக்கும் நேத்து மாதிரியே சொல்லிரலாமா?"ன்னாக. இவ எந்திரிச்சா. கை கழுவத்தான் போறான்னு நினைச்சேன். நேரா கவுன்டருக்குப் போனா. கையில ஒரு தட்டோட திரும்பி வந்தா பாரு, மட்டன் பிரியாணி, பெருசு. ரெண்டு பேருக்குப் போதும் அந்தத் தட்டு. எங்க டேபிளுக்கு வரலை. அடுத்த டேபிள்ல தனியா உக்காந்தா, எங்களைப் பார்த்து உக்காந்தா. சாப்பிட ஆரம்பிச்சா.

எப்படிச் சாப்பிட்டாங்கிறே? ஆத்தாடி! ஸ்பூனைத் தொடலை. கையை விட்டு அள்ளி அள்ளி. எலும்பைக் கடிச்சு உறிஞ்சி. கண்ணுல தண்ணி ஊத்துது, மூக்கு ஒழுகுது, துடைக்கக்கூட இல்ல. சுத்தி ஜனம். குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காக, அத்தனை கண்ணும் இவ மேல. எனக்கு உசுரே போயிருச்சு.

மாப்பிள்ளை கோபப்பட்டாகளா? இல்லையே! சிரிச்சாக. போனை எடுத்து வீடியோ பிடிச்சாக. "நிவி, அங்க பாரு, அம்மா எப்படிச் சாப்பிடுறான்னு பாரு"ன்னு பிள்ளைக்கு வேடிக்கை காட்டினாக. பிள்ளையும் சிரிச்சுச்சு. வேற ஒருத்தனா இருந்தா தட்டை எட்டி உதைச்சிருப்பான்.

நான்தான் எந்திரிச்சுப் போனேன். போய் அந்தத் தட்டை எடுத்தேன். ஆமா, எடுத்தேன். பாதிக்கு மேல இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போய், எச்சித்தட்டு போடுற தொட்டியில கவுத்துட்டு வந்தேன்.

என்ன அப்படிப் பார்க்கிறே? நீ பிள்ளை பெத்திருக்கியா? இல்லையில்ல? பெத்த பிறகு பேசு. நான் எடுக்கலைன்னா அவுக எடுத்திருப்பாக. நாலு பேருக்கு முன்னால புருஷன் எடுத்தா அது அசிங்கம், காலத்துக்கும் மறக்காது. பெத்தவ எடுத்தா? உரிமையில எடுத்தான்னு போயிரும். யாரு கேக்கப்போறா? அவளுக்கு நல்லதுன்னுதான் தாயி எடுத்தேன். அவ மானத்துக்குத்தான் எடுத்தேன்.

அவ கையில ஒரு வாய் சோறு இருந்துச்சு. உருட்டி வச்சது. அதை வாயில வைக்கலை. என்னையே பார்த்தா. மாப்பிள்ளையைப் பார்க்கலை, என்னைய. பிறகு அதை டேபிள் ஓரத்துல மெல்ல வச்சா. போய் கை கழுவினா. வந்தா, நிவியைத் தூக்கி இடுப்புல வச்சா, நடந்தா. வாசல் பக்கமா. நான் "ஏய் சுகந்தி, சுகந்தி"ன்னேன்.

மாப்பிள்ளை எந்திரிக்கலை. "விடுங்க அத்தை. பசிச்சா தானா வருவா"ன்னாக. எவ்வளவு பொறுமை பாரு.

நான் போயிருக்கலாம்தான். போயிருக்கலாம். ஆனா பை எல்லாம் என்கிட்ட இருந்துச்சு தாயி. எல்லாரு செருப்பு, துண்டு, மாப்பிள்ளை வாட்ச்சு. விட்டுட்டு எப்படிப் போறது? அவ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாள்னா அத்தனையையும் போட்டுட்டு ஓடியிருப்பேன். சத்தியமா ஓடியிருப்பேன். அவ பார்க்கலை. பிள்ளைதான் தோள் மேல இருந்து எனக்கு டாட்டா காட்டிக்கிட்டே போச்சு.

அந்த முறுக்குத் தூக்குச்சட்டியை மட்டும் வாசல்ல வாங்கிக்கிட்டுப் போயிருக்கா. பிறகு நான் போய்க் கேட்டப்ப, "அப்பவே ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சே"ன்னாங்க. அதுல எனக்கு ஒரு சின்ன ஆறுதல். பொய் சொல்லலை.

அதுக்குப் பிறகு சுகந்தி திருப்பூருக்குப் போயிட்டா, அங்க இருந்த காலேஜு சிநேகிதி பிடிச்சுக் குடுத்த வேலைதான் இந்தக் கம்பெனி வேலை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். மாப்பிள்ளை இன்னைக்கும் கூட்டிக்கத் தயாரா இருக்காக. "அவ தப்பை அவ உணர்ந்து வரட்டும் அத்தை, வெயிட்டு எவ்வளவு ஏறியிருக்கான்னு மட்டும் கேளுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் பேசுறாக. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இவளை வளர்த்தேன். புருஷன் போன பிறகு ஒத்தைப் பொம்பளையா நின்னு படிக்க வச்சேன். கடைசியில நான் என்னமோ அவ சோத்துல மண்ணை அள்ளிப் போட்டவ மாதிரி என்னைத்தான் கோவிக்கிறா. புருஷன் மேலகூட இல்ல. என் மேல. அதுதான் தாயி எனக்கு ஆறமாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குப் போடும்போது, ஒரு பிள்ளை, "இன்னுங் கொஞ்சம் பெரியம்மா"ன்னு தட்டை நீட்டினா, எனக்கு அழுகை வந்துருது. ஏன் வருதுன்னு தெரியலை.

எங்க டீச்சரம்மா சொல்றாக, "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற, லட்சுமியம்மா. அவ பசி உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு. நான் ஒத்துக்கலை. அவ வயிறே என் வயித்துக்குள்ள இருந்து வந்ததுதானே? எனக்குத் தெரியாதா?

தீபாவளி கழிச்சு ஒரு தடவை போனேன். கதவைத் திறந்தா, வான்னா. நல்லாத்தான் பேசினா. முட்டைக் குழம்பு வச்சு, சோறு வடிச்சு, எனக்கு, பிள்ளைக்கு, அவளுக்குன்னு தட்டு வச்சா. அவ தட்டுல குமிச்சுப் போட்டா. சாப்பிட்டா. நான் எனக்குப் பழக்கமான மாதிரி, கொஞ்சூண்டு போட்டுக்கிட்டு, அவளைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கன்னம் கொஞ்சம் வந்திருக்கு. முழங்கையில அந்த எலும்பு மறைஞ்சிருக்கு. மறுபடி போட்டா. நான் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு மேலயும் கரண்டியைச் சட்டிக்குள்ள விட்டாளா, வாய் சும்மா இருக்கலை. "போதும்டி, பார்க்கிறவுக என்ன நினைப்பாக"ன்னு வந்துருச்சு.

அங்க யாரு இருக்கா பார்க்கிறதுக்கு? நாலு சுவரு. நான், அவ, பிள்ளை. ஆனா வந்துருச்சே!

சுகந்திகூட நிறுத்தலை. நிவிதான். கையில முட்டையை வச்சிருந்த பிள்ளை, கடிக்கப் போனது, அதைத் திரும்பத் தட்டுல வச்சிருச்சு. "எனக்கும் போதும் அம்மாச்சி"ன்னுச்சு. நான், "சமத்து, என் தங்கம்"னு பிள்ளை கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சேன். பெரிய தப்பா அது? நீயே சொல்லு.

சுகந்தி சட்டியை மூடினா. "கிளம்பும்மா"ன்னா. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு போனை எடுக்கலை. பொங்கல் போச்சு, எடுக்கலை. எனக்கு ராத்திரி பகல் தெரியலை தாயி. ஒரே மக. போன வாரம் அவளே கூப்பிட்டா. "நிவிக்குப் பிறந்தநாள், வா. ஆனா ஒண்ணு. நானும் அவளும் சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசாம நீ உக்காந்திருக்கணும். போதும்னு சொல்லக்கூடாது, பார்க்கக்கூடச் செய்யாத. முடியும்னா வா. இந்தத் தடவையும் முடியலைன்னா இனிமே வராதம்மா. என்னால முடியலை"ன்னா. என்னால முடியலைங்கும்போது குரல் உடைஞ்சிருச்சு அவளுக்கு.

பெத்தவளுக்குக் கண்டிஷன்! நல்லாயிருக்கில்ல? ஆனா போய்க்கிட்டுத்தான் இருக்கேன். வேற என்ன செய்ய?

எங்க நிக்குது வண்டி? தாராபுரமா? டீ குடிக்க நிப்பாட்டியிருக்கான். நீ இறங்கலையா? ஏத்தா, நான் அப்பவே பார்த்தேன், அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சு ஒண்ணே ஒண்ணைத் தின்னுட்டு மடிச்சு உள்ள வச்சுட்டியே? காலையில என்ன சாப்பிட்டே? காபியா? காபி ஒரு சாப்பாடா?

இரு. இரு. இந்தக் கேரியர் நாலடுக்கு. அவளுக்கு, பிள்ளைக்குப் போக நிறையவே கெடக்கு. இந்த மூடியைப் பிடி. பிடி தாயி, கூச்சப்படாத, உன்கிட்ட ஒரு உதவி கேக்கிறேன்னு வச்சுக்கோ. நீ சாப்பிடு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். வாயைத் திறக்க மாட்டேன். நீ எவ்வளவு போட்டுக்கிட்டாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கொஞ்சம் பழகிக்கிறேன். அவ வயசுதான் இருக்கும் உனக்கு. நீ வயிறு நிறையச் சாப்பிடுறதை நான் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்துட்டேன்னா, அங்கயும் இருந்துருவேன்.

வாங்கிக்கோ. இன்னுங் கொஞ்சம் வைக்கிறேன். அந்தக் கறித் துண்டையும் எடு. ஸ்பூன் கிடக்கட்டும், கையில சாப்பிடு. ம். நல்லாயிருக்கா? உப்பு சரியா? சரி, சரி, பேச மாட்டேன். சாப்பிடு.

...

இந்தா, இன்னொரு கரண்டி.

...

ஏத்தா, மெதுவா, அந்த முன்சீட்டு ஆளு திரும்பித் திரும்பிப் பார்க்கிறான் பாரு, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்து...

ஐயோ. ஐயய்யோ. பார்த்தியா தாயி? பார்த்தியா, வந்துருச்சு பாரு.

இல்ல, மூடாத. மூடியை வைக்காத. நீ எதுக்கு வைக்கிறே, நீ சாப்பிடு. உன் கால்ல விழுறேன், வைக்காத. அவன் பார்த்தா பார்த்துட்டுப் போறான். இந்தா, மறுபடி போடுறேன். முதல்ல இருந்து சாப்பிடு. திருப்பூர் வர இன்னும் நேரம் இருக்கில்ல?